கொடியில் போடாத துணிகள்

ஏரியைப் பார்த்துக் கட்டிய அந்த விடுதியின் தோட்டத்தில் நாற்பத்தோரு மரச் சாமான்கள் கிடந்தன. இருபது நாற்காலி, எட்டு பெஞ்சு, ஏழு மேசை, ஆறு சாய்வுக் கட்டில். எல்லாம் தேக்கு. எந்த நாற்காலி எந்தக் காலில் நொண்டும், எந்தப் பெஞ்சு நிழலில் கிடந்து பாசி பிடிக்கும், எந்த மேசையின் அடியில் எவனோ ஒரு காதலன் சாவியால் இதயம் கீறி வைத்திருக்கிறான் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பத்தொன்பது வருஷமாக அவற்றுக்கு எண்ணெய் பூசுவதுதான் அவள் வேலை. விடுதியில் எல்லோருக்கும் அவள் எண்ணெயக்கா. பெற்றவர்கள் வைத்த பேர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. அந்த அட்டையும் எண்ணெய் பட்டுப் பாதி அழிந்துபோயிருந்தது.

பெருக்குவதற்கென்றுதான் அங்கே வந்தாள். அப்போதிருந்த மேனேஜர் ஒரு டின் ஆளிவிதை எண்ணெயையும் ஒரு பிரஷ்ஷையும் கையில் திணித்து, "அந்த நாற்காலிங்க எல்லாம் சாம்பல் பூத்துப் போச்சு, கொஞ்சம் தடவி விடும்மா" என்றார். அவளுக்குத் தெரிந்த எண்ணெய் தேய்ப்பு தலைக்கு எண்ணெய் தேய்ப்புதான். தாராளமாக ஊற்றித் தேய்த்தாள். ஒரு வாரம் ஆகியும் நாற்காலிகள் பிசுபிசுவென்று இருந்தன. வெள்ளைக் கால்சட்டை போட்ட விருந்தாளி ஒருவர் எழுந்தபோது நாற்காலியும் கூடவே எழுந்தது. அவர் கத்திய கத்தலில் ஏரிப் பறவைகள் பறந்தன.

அன்றைக்கு வேலை போயிருக்க வேண்டியது, எப்படியோ போகவில்லை. அதன் பிறகு அவள் அந்த டின்னைத் திருப்பித் திருப்பிப் படித்தாள். மரத்தைச் சோப்புத் தண்ணீரால் ரேகை போகும் பக்கமாகவே தேய்த்துக் கழுவவேண்டும். இரண்டு நாள் நன்றாகக் காயவிட வேண்டும். உப்புத்தாள் போட வேண்டும், அதுவும் ரேகையோடு. முதல் பூச்சுக்கு டர்பன்டைன் கலந்து நீர்க்க வைத்துக்கொண்டால் மரம் உள்ளே இழுத்துக்கொள்ளும். பிறகு இருபது நிமிஷம் பொறுத்திருந்து, மரம் குடித்தது போக மிச்சம் நிற்பதையெல்லாம் துணியால் ஒட்டத் துடைத்துவிட வேண்டும். பூசுவதைவிடத் துடைப்பதுதான் வேலை என்பதைப் புரிந்துகொள்ள அவளுக்கு ஒரு வருஷம் பிடித்தது. நாற்காலிக் கால்களின் அடிப்பக்கம்தான் எல்லாவற்றையும்விட அதிகமாகக் குடிக்கும் என்பதை எந்த டின்னும் சொல்லவில்லை. அதை அவளே கண்டுபிடித்தாள். தட்டில் எண்ணெய் விட்டுக் கால்களை அதில் நிறுத்திவைத்தால் சாயங்காலத்துக்குள் தட்டு காலி.

டின்னின் முதுகில் எறும்பு போன்ற எழுத்தில் இன்னொரு வரியும் இருந்தது. எண்ணெய் தோய்ந்த துணிகளைக் குவித்து வைக்காதீர்கள், தானாகவே தீப்பிடிக்கலாம். முதலில் அதைப் படித்துவிட்டு அவள் சிரித்தாள். எவனுக்கோ எழுத வேறொன்றும் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். இரண்டாவது வருஷம், மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகும்போது துடைத்த துணிகளைச் சுருட்டித் தள்ளுவண்டியில் போட்டுவிட்டுப் போனாள். திரும்பி வந்து கையை வைத்தால் காய்ச்சல்காரப் பிள்ளையின் வயிறு போலச் சுட்டது. வெயிலில்லை. அடுப்பில்லை. உதறி விரித்ததும் ஆறிப்போனது.

அன்றிலிருந்து அவள் வைத்த சட்டம் அது. எத்தனை துணி எடுத்தாளோ அத்தனையையும் ஒவ்வொன்றாக விரித்துக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவாள். மொறமொறவென்று காய்ந்த பிறகுதான் தண்ணீர் வாளியில் போட்டுக் குப்பைக்கு அனுப்புவாள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. விடுதியில் துணி துவைக்கும் சலவைக்காரி மட்டும் அந்தக் கொடியைப் பார்த்துக் கிண்டல் செய்வாள்.

"என்னக்கா, பேய் துவைச்சுப் போட்ட மாதிரி இருக்கு. கந்தலுக்கு இவ்வளவு மரியாதையா?"

"உன் புருஷன் சட்டையைவிட இது சுத்தம்டி."

புதிதாக வந்த மேனேஜருக்கும் அந்தக் கொடி பிடிக்கவில்லை. எப்போதும் காதில் பென்சில் சொருகியிருப்பதால் அவருக்குப் பென்சில் என்று பேர். அந்தப் பென்சிலால் அவர் எழுதி ஒருவரும் பார்த்ததில்லை. "விருந்தாளிங்க கண்ணுல படுற மாதிரி இதைத் தொங்கவிடாதீங்கம்மா" என்றார். அவள் கொடியை மெத்தை அறைக்குப் பின்னால் மாற்றிக் கட்டிக்கொண்டாள். நாற்காலிகளுக்கும் சாய்வுக் கட்டில்களுக்கும் போடும் மெத்தைகளும், மடக்கிய குடைகளும் வைக்கிற சின்ன அறை அது.

அந்த விடுதிக்கு இரவுக் காவலாளியாக அவளுடைய கொழுந்தன் வந்து எட்டு மாசம் ஆகியிருந்தது. புருஷனின் தம்பி, வீட்டில் எல்லோருக்கும் சின்னவன். முப்பத்துநாலு வயதுக்குள் ஆறு வேலை பார்த்தவன். லாரியில் போனான், கடையில் நின்றான், கோழிப்பண்ணையில் ஒரு மழைக்காலம் முழுக்க இருந்தான். ஒவ்வொரு இடத்திலும் ஏதோ ஒன்று காணாமல் போகும், உடையும், தாமதமாகும். கைக்கெட்டுகிற தூரத்தில் நிற்பவன் இவன்தான். இந்த வேலைக்கு அவள்தான் பென்சிலிடம் சிபாரிசு செய்தாள். மெத்தை அறை ஓரமாக நின்று சிகரெட் பிடித்து இரண்டு முறை மாட்டிக்கொண்டதையும் அவள்தான் கெஞ்சிக் கூத்தாடிச் சரிசெய்தாள்.

"இன்னொரு தடவை இந்தப் பக்கம் ஊதினே, நானே உன்னைப் பிடிச்சுக் குடுத்துடுவேன்" என்று சொல்லியிருந்தாள்.

"நீங்க குடுக்க மாட்டீங்க அண்ணி. உங்களுக்கு அவ்வளவு தைரியம் கிடையாது" என்று அவன் சிரித்தான்.

சீசன் தொடங்க ஒரு வாரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை முதலாளி பார்வையிட வருவதாகத் தகவல். புதன்கிழமை அவள் இருபது நாற்காலிகளுக்கும் ஒரே நாளில் இரண்டாம் பூச்சு முடித்தாள். பதினெட்டுத் துணிகள் ஆயின. பதினெட்டையும் கொடியில் போட்டுவிட்டு, வெளியே காயப்போட்டிருந்த மெத்தைகளைத் தட்டிக்கொண்டிருந்தபோது முதல் துளி கழுத்தில் விழுந்தது.

பிறகு எல்லாம் ஓட்டம். நனைந்த மெத்தை பூஞ்சை பிடித்துவிடும். நான்கு நான்காக மார்போடு அணைத்துக்கொண்டு ஓடி ஓடி அறைக்குள் எறிந்தாள். நடுவில் கொடியைப் பார்த்தாள். துணிகளில் பாதி நனைந்துகொண்டிருந்தன. கிளிப்போடு சேர்த்து ஒரே இழுப்பில் வாரி, ஒரு பிளாஸ்டிக் கூடையில் அமுக்கி, அதையும் அறைக்குள் தள்ளினாள். அதன் மேலேயே அடுத்த நான்கு மெத்தைகள் விழுந்தன. மழை ஓய்ந்ததும் எடுத்து உள்ளேயே விரித்துவிடலாம் என்று நினைத்தாள். நினைத்தது அவளுக்குப் பிறகு நன்றாக ஞாபகம் இருந்தது.

அப்போது புருஷனிடமிருந்து போன். அவன் தையல்காரன். "கடைக் கூரை ஒழுகுது, வெட்டி வெச்ச துணியெல்லாம் நனையுது, சீக்கிரம் வா." அவள் அறைக் கதவைச் சாத்திவிட்டு நாலு மணிக்கே கிளம்பி ஓடினாள். கூரைக்குக் கீழே பாத்திரங்கள் வைத்து, துணிக்கட்டுகளை மாற்றி அடுக்கி முடிக்கையில் கந்தல்கள் அவள் நினைவைவிட்டுச் சுத்தமாகக் கழன்றுபோயிருந்தன.

ஏழரை மணிக்கு மெத்தை அறை எரிந்தது.

முதலில் பார்த்தது சலவைக்காரி. ஜன்னலை உடைத்து வாளி வாளியாகத் தண்ணீர் எறிந்தது சின்னவன். அவன் கை ரோமமெல்லாம் பொசுங்கிவிட்டது. வெளியே மழை இருந்ததால் தீ அந்த அறையோடு நின்றது. உள்ளே இருந்த மெத்தையும் குடையும் கரிக்கட்டையாகிவிட்டன. அணைத்து முடித்து மூச்சு வாங்க உட்கார்ந்தவனின் சட்டைப் பையிலிருந்து லைட்டர் கீழே விழுந்தது. எல்லோரும் அவனைச் சந்தேகப்பட அதுவே போதுமானதாக இருந்தது. பென்சில் அப்போதே அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்தவனை அண்ணன்காரன் துருவித் துருவிக் கேட்டான்.

"நான் அந்தப் பக்கமே போகலை. கேட்டுலதான் இருந்தேன்" என்றான் சின்னவன்.

அவளும் நம்பவில்லை. துண்டை எடுத்துக் கொடுத்துக்கொண்டே, "மழைதானேன்னு ஒதுங்கி ஒண்ணே ஒண்ணு ஊதியிருப்பே. சொல்லிடு சின்னவனே, நான் பென்சில்கிட்ட பேசுறேன்" என்றாள்.

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "சத்தியமா இல்ல அண்ணி" என்று மட்டும் சொன்னான்.

வியாழக்கிழமை காலை அவள் வேலைக்குப் போய், கரியும் தண்ணீரும் குழம்பிக் கிடந்த அறையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்தாள். கொடி காலியாக ஆடிக்கொண்டிருந்தது. ஒரு கிளிப்பைக்கூடக் காணோம். உடைந்த ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். சுவரோரம், தீ எங்கே ஆழமாகத் தின்றிருந்ததோ அங்கே, தரையில் நீலமாக உருகி ஒட்டிய ஒரு வட்டம். அவளுடைய பிளாஸ்டிக் கூடை.

அப்போதே போய்ச் சொல்லியிருக்கலாம். பென்சிலின் அறை இருபது அடி தூரம்தான். அவள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஒரு பெஞ்சைக் கழுவத் தொடங்கினாள். கழுவிக்கொண்டே அவளுக்கு ஒரு நினைப்பு ஓடியது. சின்னவனுக்கு வேலை போவது பழக்கம். போன மாதிரியே இன்னொன்று கிடைக்கும். எனக்கு இதை விட்டால் வேறு என்ன தெரியும்? அந்த நினைப்பு வந்ததும் அவள் கை நின்றது. சுற்றும் முற்றும் பார்த்தாள், யாரோ அதைக் காதால் கேட்டுவிட்டதைப் போல.

மத்தியானம் பென்சில் சின்னவனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். "முதலாளி ஞாயித்துக்கிழமை வர்றார். அதுக்குள்ள நான்தான் கவனக்குறைவா இருந்தேன்னு எழுதிக் குடுத்துட்டா வேலையோட போயிடும். இல்லேன்னா போலீஸ்ல புகார். நான் ஒண்ணும் பண்ண முடியாது."

வியாழன் போயிற்று. வெள்ளியும் போயிற்று. ஒரே வீட்டில், ஒரே தட்டு அலமாரி, ஒரே தண்ணீர்ப் பானை. அவள் வாய்க்குப் பூட்டுப் போட்டதுபோல் இருந்தாள். சின்னவன் மட்டும் சகஜமாக இருக்க முயன்றான். பொசுங்கிய கையைக் காட்டி, "பாருங்க அண்ணி, வழவழன்னு ஆயிடுச்சு. உங்க நாற்காலி மாதிரி" என்றான். அவள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் அவன் ஒரு தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான்.

"என்னடா எழுதுறே?" என்றான் அண்ணன்.

"எழுதிக் குடுத்துடறேன். நான் இல்லேன்னு எத்தனை தடவைதான் சொல்றது? சொல்லிச் சொல்லி எனக்கே சந்தேகம் வந்துடும்போல இருக்கு. ஜெயிலுக்குப் போறதுக்கு இது தேவலை." பேனா மூடியைக் கடித்தான். "அண்ணி, கவனக்குறைவுக்கு எந்த ர போடணும்?"

அவள் தாளின் மேல் கையை வைத்தாள். "எழுதாதே" என்றாள். "நான்தான் அது. என் துணிங்க. கொடியில இருந்ததை வாரிக் கூடையில அமுக்கிட்டுப் போயிட்டேன். அந்த எண்ணெய்த் துணி குவிஞ்சு கிடந்தா தானாவே சூடேறிப் பத்திக்கும்."

புருஷன் பொத்துக்கொண்டு சிரித்தான். "தானா எரியுமா? நானும் இருபத்தஞ்சு வருஷமா துணியோடதான் கிடக்கேன். இஸ்திரிப் பெட்டி வெச்சாத்தான் கருகும்."

சின்னவன் சிரிக்கவில்லை. அவன் கண் கலங்கியிருந்தது. "எனக்காக இப்படியெல்லாம் சொல்லாதீங்க அண்ணி" என்றான். "பத்தொன்பது வருஷ வேலை. அதைத் தூக்கி எனக்காகப் போடுறேங்கறீங்களே, எங்கம்மா இருந்திருந்தாக்கூட இப்படிச் செஞ்சிருக்க மாட்டாங்க."

அவள் எதை எதையோ எதிர்பார்த்திருந்தாள். திட்டுவான், கத்துவான், வெளியே போவான். இதை எதிர்பார்க்கவில்லை. "பொய் இல்லடா" என்றாள். சொல்லச் சொல்ல அது இன்னும் பொய்போலவே ஒலித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் அவனையும் கூட்டிக்கொண்டு பென்சில் முன்னால் போய் நின்றாள். அவர் கேட்டுக்கொண்டார். காதிலிருந்து பென்சிலை எடுத்துத் தலையைச் சொறிந்துவிட்டுத் திரும்பச் சொருகினார்.

"எண்ணெயம்மா, கொழுந்தன் மேல பாசம் இருக்க வேண்டியதுதான். அதுக்காகக் கந்தல் தானா கொளுத்திக்கிச்சுன்னா நாளைக்கு நாற்காலி தானா நடந்து போச்சுன்னும் சொல்வீங்க."

"டின்னுல போட்டிருக்கு சார்."

"டின்னுல குழந்தைங்க கைக்கு எட்டாம வைக்கவும்னும் போட்டிருக்கும். என்னத்தைத்தான் போடலை?"

"செஞ்சு காட்டுறேன். சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். முதலாளி ஆறு மணிக்கு வருகிறார். "சரி, கட்டாந்தரையில வெச்சு செய்யுங்க. பக்கத்துல தண்ணி இருக்கணும்" என்றார். வேடிக்கை பார்க்கிற ஆசை அவருக்கும் இருந்தது.

அவள் மீதமிருந்த இரண்டு பெஞ்சுகளுக்கு எண்ணெய் பூசித் துடைத்தாள். அதே பனியன் துணி, அதே எண்ணெய், பதினெட்டு எண்ணிக்கை. சமையல்கட்டிலிருந்து வாங்கிய கூடையில் அமுக்கி, பின்முற்றத்தில் நான்கு செங்கல் நடுவில் வைத்தாள். மணி ஒன்பதரை. சின்னவன் இரண்டு வாளித் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான்.

சலவைக்காரி இடுப்பில் கூடையோடு வந்து நின்றாள். "என்னக்கா, கந்தல் அடைகாக்குறீங்களா? எப்ப குஞ்சு பொரிக்கும்?"

"நீ போய் வேலையைப் பாருடி."

"அண்ணியைக் கிண்டல் பண்ணாதீங்க" என்றான் சின்னவன். "எனக்காக இந்த வெயில்ல உக்காந்திருக்காங்க." பிறகு அவளிடம் குரலைத் தணித்து, "மூணு நாளா நீங்க என் முகத்தையே பார்க்கலை. நீங்களும் என்னைச் சந்தேகப்படுறீங்கன்னு நெனச்சேன். எனக்கு வழி யோசிச்சிட்டிருந்திருக்கீங்க" என்றான்.

அவள் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்தரைக்குக் கை வைத்தாள். குளுமை. பதினொன்றரைக்கு வைத்தாள். கொஞ்சம் வெதுவெதுப்பு, வெயிலால்கூட இருக்கலாம். ஏரியிலிருந்து காற்று நிற்காமல் வீசியது. ஒரு மணிக்கு அந்த வெதுவெதுப்பும் போய்விட்டிருந்தது. பென்சில் சாப்பிட்டுவிட்டு பல்லைக் குத்திக்கொண்டே வந்தார். குனிந்து இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"என்னம்மா, ஐஸ் பெட்டி மாதிரி இருக்கு. போதுமா?"

அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஏன் ஏறவில்லை என்பது உள்ளங்கை ரேகைபோலத் தெரிந்தது. அன்றைக்கு அந்தக் கூடைக்கு மேலும் பக்கத்திலும் மெத்தைகள் இருந்தன. சூடு வெளியே போக வழியில்லை. இன்றைக்கு வருகிற சூட்டையெல்லாம் காற்று அப்போதைக்கப்போது அள்ளிக்கொண்டு போகிறது.

"விடுங்க அண்ணி" என்றான் சின்னவன் மெதுவாக. "நீங்க இவ்வளவு தூரம் வந்ததே எனக்குப் போதும். இதை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். நான் எழுதிக் குடுத்துட்டுப் போறேன்."

இதோ, அவ்வளவுதான். எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டால் முடிந்துவிடும். வேலை இருக்கும், கொடி இருக்கும். வீட்டில் ஒருவன் சாகிற வரைக்கும் அவளைத் தாய்க்குச் சமமாக நினைத்துக்கொண்டிருப்பான். பொய் சொல்ல வேண்டியதுகூட இல்லை. சும்மா எழுந்தால் போதும்.

அவளுக்கு எழுந்திருக்கத்தான் ஆசையாக இருந்தது. முழங்கால்கூட அசைந்துவிட்டது.

"சார்" என்றாள். "மெத்தை வேணும். பழசு ஏதாவது. அன்னிக்கு மெத்தைக்கு அடியிலதான் இருந்துச்சு."

பென்சில் முணுமுணுத்துக்கொண்டே போய், வரவேற்பறைக்குப் பின்னால் கிடந்த கிழிந்த சோபா மெத்தைகள் நான்கை அனுப்பினார். அவள் துணிகளை எடுத்துப் பிரித்து, இன்னும் ஒரு கை எண்ணெய் தெளித்து, இறுக்கி அமுக்கினாள். நாலு பக்கமும் மெத்தையை நிறுத்திக் கயிற்றால் கட்டினாள். மேலே ஒன்றைக் கவிழ்த்தாள். காற்று வரும் பக்கம் தன் முதுகைக் கொடுத்து உட்கார்ந்துகொண்டாள்.

மூன்று மணிக்கு உள்ளே கையை விட்டபோது, அந்தப் பழைய தள்ளுவண்டிச் சூடு. மூன்றரைக்குக் கையை வைத்திருக்க முடியவில்லை.

"நீ வெச்சுப் பாரு" என்றாள்.

சின்னவன் சிரித்துக்கொண்டே கையை விட்டான். விட்ட வேகத்தில் எடுத்தான். சிரிப்பு முகத்திலேயே நின்று, பிறகு மெல்ல இறங்கியது. உள்ளங்கையைப் பார்த்தான். கூடையைப் பார்த்தான்.

நாலே காலுக்கு மெத்தை இடுக்கில் நூல்போலப் புகை கிளம்பியது. கரித்த எண்ணெய் நாற்றம் மூக்கைத் துளைத்தது. பென்சில் ஓடிவந்தார், சலவைக்காரி ஈரத் துணியோடு ஓடிவந்தாள். அவள் ஒரு குச்சியால் மேல் மெத்தையைத் தள்ளினாள். காற்று உள்ளே புகுந்ததும் துணிக்குவியலின் நடுவில் கங்கு சிவந்து, பக் என்று சுவாலை எழுந்தது.

"ஐயையோ" என்றாள் சலவைக்காரி. "நிஜமாவே பொரிச்சிருச்சே."

சின்னவன் இரண்டு வாளியையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கவிழ்த்தான். பென்சில், சின்னவனிடம் எழுதி வாங்கத் தன் சட்டைப் பையில் வைத்திருந்த வெற்றுத் தாளை எடுத்துக் கிழித்தார். "தம்பி, என் மேல தப்பு" என்றார். "நீ இன்னிக்கு டியூட்டிக்கு வந்துடு."

அவன் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்பத் தெரியும் அண்ணி?"

"வியாழக்கிழமை காலையில."

"புதன்கிழமை ராத்திரி என்கிட்ட, ஒண்ணு ஊதியிருப்பேன்னு சொன்னீங்களே, அப்ப?"

"அப்ப தெரியாது. சத்தியமாத் தெரியாது. காலையில கொடியைப் பார்த்துதான்..."

"காலையில" என்றான். விரல் மடக்கி எண்ணினான். வியாழன், வெள்ளி, சனி. மூன்று விரலையும் அப்படியே மடக்கி வைத்துக்கொண்டு நின்றான். "நான் பேனாவை எடுத்திருக்கலைன்னா?"

அவள் குனிந்து, நனைந்த மெத்தைகளின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள்.

அவன் வாளிகளை எடுத்துக்கொண்டு குழாய்ப் பக்கம் போனான். நேற்று அவளைத் தாய்க்கு மேலே வைத்து அழுதவன், ஒரு வார்த்தை திட்டாமல் போனான். திட்டியிருக்கலாம் என்று அவளுக்கு இருந்தது.

முதலாளி வந்தார், கேட்டார், கரிந்த குவியலைக் காலால் கிளறிப் பார்த்தார். அவளை வேலையைவிட்டு அனுப்பவில்லை. நாற்பத்தோரு சாமான்களையும் வேறு யார் பார்ப்பது? "ஒத்துக்கிட்டீங்க, அதனால விடுறேன்" என்றார். ஆனால் பென்சிலிடம் சொல்லி ஒரு விதி போட்டார். பென்சில் முதல்முறையாக அந்தப் பென்சிலால் எழுதினார். எண்ணெய்த் துணிகளைக் காலையில் காவலறையிலிருந்து எண்ணி வாங்க வேண்டும். சாயங்காலம் அவள் கிளம்புவதற்கு முன், காவலாளி கொடியில் கிடப்பதை எண்ணிச் சரி சொல்ல வேண்டும். சொல்லும் வரை அவள் வீட்டுக்குப் போகக் கூடாது. இதற்காகவே சின்னவனின் டியூட்டி நாலு மணிக்குத் தொடங்கும்படி மாற்றினார்கள்.

சின்னவன் அந்த வாரமே விடுதியின் பின்னால் இருந்த ஆட்கள் அறைக்குக் குடிபோய்விட்டான். ராத்திரி வேலைக்கு வசதி என்று அண்ணனிடம் சொன்னான். "அவனுக்கு என்ன கோபம்? காப்பாத்தினதே நீதானே?" என்று புருஷன் கேட்டான். அவள் மூன்று நாள் கணக்கை அவனுக்கு விளக்கிப் பார்த்தாள். அவன் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "சொல்லிட்டே இல்ல, அப்புறம் என்ன?" என்றான்.

சாயங்காலம் நாலு மணி. அவள் கொடியோரம் நிற்பாள். சின்னவன் வருவான். முதல் கிளிப்பிலிருந்து தொடங்கி ஒவ்வொரு துணியையும் விரலால் தொட்டு எண்ணுவான். எங்காவது இரண்டு ஒட்டியிருந்தால் பிரித்துவிடுவான். "பதினாலு, சரி" என்பான். நோட்டில் ஒரு கோடு. அவள் கிளம்பலாம். அவளும் முதல் சில நாள் பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள். சாப்பிட்டியா, அண்ணன் கேட்டார், கை எப்படி இருக்கு. "ம்" என்பான், எண்ணிக்கை தவறிவிடும் என்பதைப்போல. பிறகு அவள் கேட்பதை விட்டாள்.

மழை ஓய்ந்த ஒரு நாள் எண்ணிக்கை இடித்தது.

"பதினேழு" என்றான்.

"பதினெட்டு. சரியாத்தான் போட்டேன்."

மறுபடி எண்ணினான். பதினேழுதான். நம்புகிறேன் என்றும் சொல்லவில்லை, நம்பவில்லை என்றும் சொல்லவில்லை. அவள் எண்ணெய் டின்னைத் தூக்கிப் பார்த்தாள், வாளியைக் கவிழ்த்துப் பார்த்தாள். பிறகு தோட்டத்துக்குள் ஓடி, ஈரப் புல்லில் மண்டியிட்டு ஒவ்வொரு நாற்காலிக்கு அடியிலும் தேடினாள். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. அவன் எதிர்ப்பக்கத்திலிருந்து, கடைசிப் பெஞ்சிலிருந்து தொடங்கிக் குனிந்து குனிந்து வந்துகொண்டிருந்தான். இரண்டு பேரும் பேசாமல் நாற்பத்தோரு சாமான்களையும் நடுவை நோக்கித் தேடி வந்தார்கள்.

ஏழாவது மேசையின் அடிச்சட்டத்தில், அவள் துடைத்துவிட்டு அப்படியே சொருகி மறந்த துணி சுருண்டு கிடந்தது. அவன்தான் கண்டெடுத்தான். கையில் வைத்துச் சூடு இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தான். இல்லை. கொடிவரைக்கும் கொண்டுபோய், உதறி, நான்கு முனையையும் இழுத்து விரித்து, இரண்டு கிளிப் போட்டான்.

"பதினெட்டு" என்றான். "சரி. நீங்க போகலாம்."

கோடு போட்டுவிட்டு கேட்டைப் பார்த்து நடந்தான். அவள் முழங்கால் ஈரத்தோடு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, அவன் எண்ணியாயிற்று என்றாலும், முதல் கிளிப்பிலிருந்து தானும் ஒரு தடவை எண்ணத் தொடங்கினாள்.